கலைச்சொல் உதவி: பள்ளி இசைநூலுக்குச் சுருதி, நடை, நாண்

அன்புடையீர்,

பள்ளி மாணவர்களுக்கான இசை அறிமுக நூலொன்றின் சொற்பட்டியல் இவ்வார இறுதிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். தாளம், மெட்டு, இசைக்கருவி போன்றவற்றில் சிக்கல் எதுவும் இல்லை. மூன்று சொற்களில்தான் முடிவெடுக்க முடியவில்லை. ஓர் ஒலி எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதைச் சுட்டும் பிட்ச் (pitch) என்பதற்குச் 'சுருதி' என எழுதியுள்ளேன். ஆனால் ஒரு மண்டிலத்துக்குள் (ச முதல் மேல் ச வரை) 22 என எண்ணப்படும் நுண்ணிடைவெளியும் சுருதி. தம்புராவில் ஒலிக்கும் ஆதார ஒலியும் சுருதி. 'சுருதி சேரவில்லை' என்னும்போது இயைபும் சுருதி. நான்காவதாக ஒரு பொருளையும் அச்சொல்லின் தலையில் ஏற்றினால் மாணவர் எதைப் பற்றிக்கொள்வார்? பாட்டின் வேகத்தைச் சுட்டும் டெம்போவுக்கு (tempo) 'நடை', பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுக்கு (chord) 'நாண்' என்பவை இப்போதைக்கு வைத்திருக்கும் சொற்கள். உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

*

ஐயா,

முதலில் நாணை நீக்கிவிடுங்கள். வடிவியலில் வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு அது பொருந்தும். அங்கே வழங்கும் கார்டு என்ற ஆங்கிலச் சொல், நரம்பு அல்லது கயிறு எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லிலிருந்து வந்தது. இசையில் வழங்கும் கார்டோ, இயைபு எனப் பொருள்படும் 'அக்கார்டு' என்பதன் முதற்குறை, தாமரை 'மரை' என நிற்பதைப் போல. எழுத்துக்கூட்டல் மட்டுமே பின்னாளில் வடிவியற்சொல்லோடு ஒன்றாகிவிட்டது. அந்த மயக்கத்தை நாமும் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

நம்மிடம் சொல் இல்லாமலும் இல்லை. பழந்தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தியை மட்டுமன்றி அதில் எழும் ஒலியையும் குறித்தது. 'இசையொடு சிவணிய நரம்பின் மறைய' என்று தொல்காப்பியமே பேசுகிறது. ஆகவே கார்டுக்கு 'நரம்புக்கொத்து' என்று முன்மொழிகிறேன். சுரம் என்றால் சங்கப் பாடல்களில் பாலைநிலத்து வழி, இன்று காய்ச்சல். ஸ்வரத்தைத் திரித்துச் செய்த அச்சொல்லை விட்டுவிட்டு, ஏழிசையின் பழந்தமிழ்ப் பெயர்களான குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றே மாணவர் கற்கட்டும். பிட்ச் உயர்வதையும் தாழ்வதையும் வலிவு, மெலிவு என்று சொல்லலாம்; மெலிவு, சமன், வலிவு என மூன்று தானங்களை (கீழ், நடு, மேல் மண்டிலங்களை) வகுத்த மரபு நமக்கு இருக்கிறதே.

*

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நாணைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வலிவு, மெலிவை மட்டும் வகுப்பறைக்குள் விட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறவள். 'இன்னும் மேலே பாடு' என்றால் தொடக்க நிலை மாணவர் பலர் மேல் சுரத்துக்குப் போவதில்லை. அதே சுரத்தைச் சத்தமாகப் பாடுகிறார்கள். உயர்ந்த குரல், தாழ்ந்த குரல் என்று அன்றாடத் தமிழில் நாம் ஒலியளவையே சொல்லிப் பழகியிருப்பதால் வரும் குழப்பம் இது. புல்லாங்குழலில் மெல்ல ஊதிய மேல்மண்டிலச் சுரத்தை 'வலிவு' என்று எழுதினால், அதை மென்மையாகக் கேட்கும் பிள்ளைக்கு என்ன விளங்கும்? ஒலியளவுக்கு 'உரப்பு' என்ற சொல் அறிவியல் பாடத்தில் ஏற்கெனவே உண்டு. அதிலிருந்து தெளிவாக விலகி நிற்கும் சொல்தான் பிட்சுக்குத் தேவை. நொடிக்கு 440 அதிர்வுள்ள ஒலியை அதே உரப்பில் 880 ஆக்கினால் மாறுவது எதுவோ, அதற்குச் 'சுருதிநிலை' என்று பெயரிடலாம். பாடுகிறவர்கள் தமக்குள் 'என்ன கட்டை?' என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். ஆர்மோனியக் கட்டையிலிருந்து வந்த அவ்வழக்கில் மேலையிசையின் 'சி' ஒரு கட்டை, 'ஜி' ஐந்து கட்டை. உயிருள்ள சொல்தான், ஆனால் அது ஆதார சுருதியை மட்டுமே சுட்டும். எல்லா ஒலிக்கும் விரியாது.

டெம்போவுக்கு நடையும் ஆகாது. நிமிடத்துக்கு 60 தட்டு வீதம் கை தட்டச் சொல்லி, ஒரு தட்டுக்குள் 'தகிட' என்று மூன்றாகவும், பிறகு 'தகதிமி' என்று நான்காகவும் சொல்ல வைத்துப் பாருங்கள். கையின் வேகம் துளியும் மாறாது; மாறியது நடை. திஸ்ர (மூன்று) நடை, சதுஸ்ர (நான்கு) நடை என அச்சொல் தன் வேலையில் உறுதியாக அமர்ந்திருக்கிறது. டெம்போவுக்குக் 'காலப்பிரமாணம்' என்பதே வழக்கு. சிறுவர் நூலில் 'தாளவேகம்' என்றால் போதும்.

*

காலப்பிரமாணத்தைத் தாளவேகம் ஆக்குவதை வரவேற்கிறேன். சிலப்பதிகாரத்தின் முதனடை, வாரம், கூடை, திரள் என்னும் நான்கு வேக இயக்கங்களையும் அடைப்புக்குறிக்குள் தரலாம். முதனடையில் 'நடை' வேகத்தையே குறிக்கிறது என்பதையும் அம்மையார் கருத வேண்டும். நரம்புக்கொத்தை நான் கைவிடவில்லை.

*

ஐயா, முதனடை பற்றிய குறிப்பு மதிக்கத்தக்கது; ஆயினும் இன்று மிருதங்கம் பயிலும் பிள்ளை நடை என்று கேட்பது வேறொன்றை. நரம்புக்கொத்தில் இன்னொரு தடையும் உண்டு. நரம்பு என்றதும் மாணவர் உடலைத்தான் நினைப்பார். மேலும் பழைய உரைமரபில், நின்ற நரம்பிலிருந்து எண்ணினால், ஐந்தாம் நரம்பு கிளை (உறவு), நான்காம் நரம்பு நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. மேலையிசையின் அடிப்படைக் கார்டோ அந்த மூன்றாவதின்மேல்தான் நிற்கிறது: ச, அந்தர காந்தாரம், ப. அந்தக் காந்தாரத்தை ('க') அரைச்சுரம் தாழ்ந்த சாதாரண காந்தாரமாகக் குறைத்தால் கார்டின் தன்மையே மாறிவிடும். பகை நரம்பை நடுவில் வைத்த ஒன்றுக்கு யாழ்மரபின் பெயரைச் சூட்டுவது இரண்டு இசைமுறைகளுக்கும் நியாயமாகப் படவில்லை. சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வராமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் ஒலிப்பதால் 'அடுக்குச்சுரம்' என்கிறேன்.

*

அன்புடையீர்,

அச்சகம் இன்று மாலையே கேட்கிறது. சுருதிநிலை, தாளவேகம், அடுக்குச்சுரம் ஆகியவற்றுக்கே பெரும்பான்மை ஆதரவு இருப்பதால் அவற்றையே அனுப்புகிறேன். பிட்ச், கார்டு என்றே தமிழெழுத்தில் விட்டுவிடலாம் எனத் தனிமடலில் எழுதிய இருவருக்காக, அவ்வடிவங்களும் ஒருமுறை உடன் வரும். நாண் நீக்கப்பட்டது. ஏழு நரம்புப் பெயர்களைப் பின்னிணைப்பில் ஒரு பக்கமாகச் சேர்க்க இடம் இருக்கிறது.

*

அந்தப் பக்கத்தை நானே எழுதித் தருகிறேன். அடுக்குச்சுரத்துக்கு என் உடன்பாடின்மையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மறுபதிப்பில் மீண்டும் கேட்பேன். குரல் என்பது ச-வா ம-வா என்பதில் ஆய்வாளர் ஒருமித்ததில்லை. எனவே அட்டவணையில் இரண்டு நிரல்கள் வேண்டும். அதற்கு இடம் விடச் சொல்லுங்கள்.