பதில்: 'கிளட்டர்' – நெரிசலா, குப்பையா, அடைசலா?

நண்பர்களுக்கு வணக்கம். மென்பொருளின் திரையில், அதாவது இடைமுகத்தில், பொத்தான்களும் கட்டளைகளும் மண்டிக்கிடப்பதை ஆங்கிலத்தில் 'கிளட்டர்' (clutter) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'இடைமுக நெரிசல்' என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் நெரிசல் ஆட்களுக்கும் வண்டிகளுக்கும் உரிய சொல். தேர் நிலைக்கு வந்துவிட்டால் கூட்டம் தானாகக் கலைந்துவிடும். திரையில் ஏறிய பொத்தான் கலையாது. அடுத்த பதிப்பில் பக்கத்திலேயே இன்னொன்று வந்து உட்காரும். மைக்ரோசாஃப்ட் வேர்டின் முதல் விண்டோஸ் பதிப்பில் கருவிப்பட்டைகள் (டூல்பார்) 2. வேர்டு 2003இல் 31. பரணில் சாமான் சேர்கிற கதைதான் இது. அதற்கு நம் வீடுகளில் பேரே இருக்கிறது: அடைசல். "ரூமு ஒரே அடசலா கெடக்கு" என்று சொல்லாத அம்மா உண்டா?

> 'குப்பை' இன்னும் எளிது.

குப்பைத்தொட்டி ஏற்கெனவே கணினியின் மேசைத்தளத்தில் (டெஸ்க்டாப்) இருக்கிறது, குழப்பும். அதுபோக, குப்பை யாருக்கும் வேண்டாதது. அடைசலில் கிடப்பது ஒவ்வொன்றும் யாருக்கோ வேண்டும். அதனால்தான் தூக்கிப்போட மனம் வருவதில்லை. முகவரிச்சீட்டு அச்சிடும் கட்டளையை எடுத்துவிட்டால், வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர் சண்டைக்கு வருவார். 'ஒழுங்கின்மை'யும் ஒத்துவராது. நூல் பிடித்தாற்போல வரிசையாக நின்றாலும் அடைசல் அடைசல்தான்.

உறவினர் ஒருவரின் மருந்துக் கடையில் பில் போடும் மென்பொருளைப் பார்த்தேன். மேலே மூன்று வரிசைப் பொத்தான்கள், அத்தனையும் ஒரே அளவு நீலச் சதுரம். பில் போடும் பெண் ஒரு ஸ்டிக்கர் பொட்டை மானிட்டர் சட்டத்தில், அச்சிடும் பொத்தானுக்கு நேர் மேலே ஒட்டிவைத்திருந்தார். பக்கத்துப் பொத்தானில் கை பட்டால் பில்லே ரத்தாகிவிடுமாம்.

சரி, வேண்டாததை மறைத்துவைத்தால்? ஆஃபிஸ் 2000 அதைச் செய்து பார்த்தது. அதிகம் தொடாத கட்டளைகளைப் பட்டிக்குள் (மெனு) ஒளித்தது. கீழே உள்ள இரட்டை அம்பை அழுத்தினால்தான் எட்டிப்பார்க்கும். பயன்பாட்டுக்கு ஏற்ப பட்டி மாறிக்கொண்டே இருந்ததால் நேற்றைய இடத்தில் இன்று கட்டளை இருக்காது, கை எப்படிப் பழகும்? 2007இல் வேர்டு, எக்செல்லில் அந்தப் பட்டிகளையே எடுத்துவிட்டு, மேலே கட்டளைகளைத் தாவல்வாரியாக அடுக்கிக் காட்டும் ரிப்பனைக் கொண்டுவந்தார்கள். (ரிப்பனுக்கு 'நாடா' சரியா என்ற சண்டையை இப்போது கிளற வேண்டாம்.) ஆஃபிஸ் 2000இல் கட்டளைகளை ஒளித்துவைத்த அந்த மாதிரிப் பட்டியை 'மறை அடைசல்' எனலாம். பொத்தான் அடைசல், பட்டி அடைசல், அடைசலான இடைமுகம் எல்லாம் இயல்பாகவே வருகின்றன.

இடிப்பது வினைச்சொல்லில்தான். அடைசலைக் குறைப்பதற்கு என்ன சொல்வது? "அலமாரியை ஒழிச்சுக் குடு" என்று வீட்டில் சொல்வோமே, 'ஒழித்தல்' கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அமைப்புகள் பக்கத்தில் 'கருவிப்பட்டையை ஒழி' என்று எழுதிவைத்தால் யார் துணிந்து அழுத்துவார்கள்? வேறு வினை தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.