திருநெல்வேலி பெருமாள்புரம் பக்கத்துக்கு என்ன ஓட்டல் வேணும்? நம்ம ஊர்ச் சாப்பாடா, வெளியூர்ச் சாப்பாடா?

என்ஜிஓ காலனி அண்ணாச்சி:
பெருமாள்புரம், என்ஜிஓ காலனி, ரெட்டியார்பட்டி ரோடுன்னு நம்ம பக்கம் கடை மேல கடையா தொறக்காங்க. எதுக்குள்ள போனாலும் பரோட்டா, சிக்கன் ரைஸ், ஷவர்மா, கிரில். போர்டு மட்டுந்தான் மாறுது. இங்க குடியிருக்கவங்க கிட்ட கேக்குதேன், உங்களுக்கு எந்த மாதிரி ஓட்டல் வேணும்?

என் ஆசையை முதல்ல சொல்லிருதேன். நம்ம வீட்டுச் சமையல் போடுத கடை ஒண்ணு வேணும். தேங்காப்பால்ல வைக்குத சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு. இன்னொரு நாள் உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், அவியல். கூட்டாஞ்சோறு, வத்தல். இடிசாம்பார். காலையில கருப்பட்டி போட்டுக் கிண்டின உளுந்தங்களி, நடுவுல குழி பண்ணி நல்லெண்ணெய். வெளியூர்க்காரங்க வந்தா அல்வா வாங்கிட்டுப் போறாங்க, அதோட சரி. இந்த ஊர்ல மத்தியானம் என்ன சாப்பிடுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியாமலே ரயில் ஏறிருதாங்க. இது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

மகாராஜநகர் மதினி:
அண்ணாச்சி, நீங்க சொன்ன அத்தனையும் எங்க வீட்டு அடுப்புல மாசம் தவறாம நடக்கு. எள்ளைக் கழுவி, அரிச்சு, உலத்தி, வறுத்து அரைக்குதது நான்தான். ஆறு நாள் இதைச் செஞ்சிட்டு, ஏழாம் நாள் வெளிய சாப்பிடலாம்னு கெளம்பினா அங்கயும் அதே உளுந்தஞ்சோறா? வீட்டுச் சாப்பாடு கடையில கெடைக்கலையேன்னு ஏங்குதவங்க பெரும்பாலும் சமைக்காதவங்கதான். சமைக்குதவங்களோட ஆசை வேற.

எனக்கு வீட்டுல செய்ய முடியாதது வேணும். தந்தூர் அடுப்புல ஒட்டவச்சு எடுத்த ரொட்டி, அந்தச் சூடு நம்ம கேஸ் அடுப்புக்கு வராது. வாழையிலையில பொதிஞ்சு சுட்ட கேரளத்து மீன். குஜராத்திச் சாப்பாடுன்னு டிவியில காட்டுதாங்களே, அத்தனை கிண்ணம் வச்சு, அதுல ஒரு தடவையாவது உக்காரணும். அதுக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போகணும்னா எப்ப போறது?

ஐகிரவுண்டு மாணவி:
நான் தர்மபுரி. இங்க ஐகிரவுண்டுல இருக்குற மெடிக்கல் காலேஜ்ல படிக்கிறேன். என்ன சாப்பாடுங்கிறது எனக்கு ரெண்டாவது கேள்விதான். வார்டு முடிஞ்சு ராத்திரி பத்து, பத்தரைக்கு வெளிய வந்தா பொண்ணுங்க நாலு பேர் நிம்மதியா உக்காந்து சாப்பிட ஒரு இடம் வேணும். அந்த நேரத்துல பரோட்டா கடைங்கதான் திறந்திருக்கு. உள்ள முழுக்க ஆம்பளைங்க. வாசல்ல பைக்கை நிறுத்திட்டு அதுமேல உக்காந்திருப்பாங்க. நாங்க பார்சல் வாங்கிட்டு ஹாஸ்டலுக்கு ஓடி, ஆறிப்போனதைச் சாப்பிடுறோம். நல்ல வெளிச்சம், சுத்தமான கழிவறை, கேமரா. இது இருந்தா சொதி போட்டாலும் சரி, நூடுல்ஸ் போட்டாலும் சரி, சந்தோஷமா வருவோம். பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம்னு 2019-லயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டாச்சு. அப்புறம் எதுக்கு பதினோரு மணிக்கெல்லாம் ஷட்டர் இறங்குது?

என்ஜிஓ காலனி அண்ணாச்சி:
தங்கச்சி சொன்னதுல மறுக்கதுக்கு ஒண்ணும் இல்ல. அது எல்லாக் கடைக்கும் பொருந்தும்.

மதினிக்குத்தான் பதில் சொல்லணும். நீங்க அரைக்காம, வெங்காயம் உரிக்காம, ஒரு நாள் இலை முன்னால உக்காந்து சொதி சாப்பிடணும்னுதான் நான் கடை கேக்குததே. இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. நம்ம தெருவுல சொதி வைக்கத் தெரிஞ்ச முப்பது வயசுக்காரங்க எத்தனை பேரு? ஆச்சிமாரு கையோட இது போயிரும். கடைப் பட்டியல்ல ஏறின சாப்பாடுதான் நிலைக்குது. செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர்ல பரோட்டாவும் நாட்டுக்கோழியும் நிலைச்சு நிக்கலையா? குத்தாலத்துக்கு வாரவங்க அதுக்காகவே வண்டியத் திருப்புதாங்கல்லா.

கல்யாணச் சமையல்:
அண்ணாச்சி, நான் முப்பது வருசமா கல்யாண வீட்டுல கரண்டி பிடிக்கவன். உங்க ஆசை எனக்கும் உண்டு. ஆனா சொதி ஓட்டலுக்கு ஒத்துவராது. ஏன்னு விளக்கமாவே சொல்லுதேன்.

சொதிக்கு தேங்காயில மூணு பால் எடுக்கணும். காயை மூணாம் பாலும் ரெண்டாம் பாலும் விட்டு வேக வைக்கணும். கேரட், பீன்ஸ், உருளை, முருங்கைக்காய், பட்டாணி. வெந்த பாசிப்பருப்பு, அரைச்ச இஞ்சி, பச்சமிளகா எல்லாம் சேந்து கொதிச்ச பெறவு, கடைசியா தலைப்பால். அதை விட்டதும் நுரை கட்டி வரையிலயே அடுப்பை அணைக்கணும், கொதிக்க விட்டா திரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் எறக்கின பெறவுதான். அதுக்கு மேல அது அடுப்பேறக் கூடாது. கல்யாணத்து மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுல இது எடுபடுததே, எறக்கின ஒரு மணி நேரத்துல எல்லாரும் பந்தியில உக்காந்துருதாங்கங்கதால. ஓட்டல்ல பன்னெண்டு மணிக்கு ஒருத்தர் வருவாரு, மூணு மணிக்கு ஒருத்தர் வருவாரு. மூணு மணிக்காரருக்கு என்ன ஊத்த? சூடு பண்ணினா திரியும், பண்ணாட்டா ஆறின சொதி. வெயில் காலத்துல சாயந்தரத்துக்குள்ள கெட்டும் போயிரும், மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் போடவும் முடியாது.

தேங்கா விக்குத விலையில மூணு பால் சொதியை சாம்பார் விலைக்குப் போட முடியாது. 200 ரூவா சொன்னா, "காய்கறிச் சோத்துக்கு 200-ஆ"ன்னு கேப்பீங்க. சிக்கனுக்கு யாரும் கேக்கமாட்டீங்க. ஆப்ல போட்டா அவங்க கமிஷன் வேற. பரோட்டாவுக்கு ஒரு மாஸ்டர், ஒரு கல்லு போதும். அதனாலதான் தெருவுக்கு நாலு பரோட்டா கடை இருக்கு. ஜனங்களுக்கு ருசி தெரியாமப் போயிட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க.

மேலப்பாளையத்தான்:
அண்ணாச்சி, "நம்ம ஊர்ச் சாப்பாடு"ன்னு நீங்க போட்ட பட்டியல் முழுக்க ஒரு வகை வீட்டுச் சமையல்தான். நாங்களும் இதே ஆத்துத் தண்ணிதான் குடிக்கோம். எங்க வீட்டு நெய்ச்சோறு, தாளிச்சா, இடியாப்பத்துக்கு ஊத்துத கறி ஆணம், நோன்புக் கஞ்சி, இதெல்லாம் எந்த ஊருது? அந்தப் பக்கம் காயல்பட்டினத்துல ஒரே தாலத்தைச் சுத்தி உக்காந்து சாப்பிடுத களறிச் சாப்பாடு இருக்கு. பிரியாணின்னா ஆம்பூர், திண்டுக்கல்னு போர்டு வைக்காங்க, மேலப்பாளையத்துல இருந்து ஒரு சட்டி உங்க பக்கம் வரல. எங்க ஊருக்கு வந்து சாப்பிடுங்கன்னு கூப்பிடலாம். வழியில குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைப் போட்டுட்டான்னா பசி அடங்கிப் போயிரும்.

மதினி கேட்ட ரொட்டிக் கடைக்கும் என் ஓட்டு உண்டு. வெளியூர்ச் சாப்பாடுன்னு ஒதுக்காதீங்க. இருட்டுக்கடை அல்வாவைக் கிண்ட ஆரம்பிச்சது வடக்கே இருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். இன்னைக்கு அது இல்லாம நம்ம ஊர்ப் பேரையே யாரும் சொல்லுததில்ல.

உவரிக்காரன்:
எனக்கு ஒரே ஆசைதான். நம்ம மாவட்டத்துக் கடல்லயே புடிச்ச மீன். உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை எல்லாம் நம்ம கரைதான். தேங்கா அரைச்ச சாளைக் கொழம்பு, நெத்திலி பொரிச்சது, அம்பை 16 அரிசிச் சோறு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. அப்ப நாட்டுப்படகுக்காரங்க கொண்டாரதை மட்டும் போடட்டும், இல்லைன்னா கருவாட்டுக் கொழம்பு வைக்கட்டும். ஐஸ்ல கெடந்த மீனைப் போட்டு ஏமாத்த வேண்டாம்.

மகாராஜநகர் மதினி:
மேலப்பாளையத்துத் தம்பி சொன்னதுதான் என் மனசுலயும் இருந்தது. பாதுகாக்கணும் பாதுகாக்கணும்னா, அண்ணாச்சி, முதல்ல வீட்டு ஆம்பளைப் பிள்ளைகளுக்குச் சொதி வைக்கச் சொல்லிக் குடுங்க. ஆச்சிமாரு கையோட போயிரும்னு சொல்லுதீங்க, ஆச்சிக்குப் பெறவு ஏன் இன்னொரு பொம்பளை கையையே தேடுதீங்க? கடைக்காரர் வந்துதான் அதைக் காப்பாத்தணும்னு இல்ல.

தியாகராஜநகர் ஓய்வூதியர்:
எல்லாருடைய கருத்தையும் படித்தேன். எங்களைப் போன்றவர்களைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். எங்கள் தெருவில் பல வீடுகளில் வயதான இரண்டு பேர் மட்டுமே இருக்கிறோம். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். என் மனைவிக்கு முழங்கால் வலி. அடுப்பு முன் நிற்க முடியாது. மகன் பெங்களூரிலிருந்தே ஆப்பில் எங்களுக்கு இரவுச் சாப்பாடு ஆர்டர் செய்கிறான். அக்கறையோடுதான் செய்கிறான். ஆனால் அந்தப் பட்டியலில் எங்கள் வயிற்றுக்கு ஆகிற பொருள் குறைவு. எண்ணெய், காரம், உப்பு. நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன்.

எங்களுக்கு வேண்டியது மாலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி, புழுங்கலரிசிக் கஞ்சி, காணத் (கொள்ளு) துவையல், காரமில்லாத ஒரு கூட்டு. உட்கார்ந்து சாப்பிட முதுகு சாய்கிற நாற்காலி. படி இல்லாத வாசல். சொதி வந்தாலும் தந்தூர் வந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். தினமும் ராத்திரி என்ன சாப்பிடுவது என்பதுதான் எங்கள் வீட்டில் உள்ள கவலை.

கல்யாணச் சமையல்:
ஐயா சொன்னதுதான் நடக்கக்கூடிய கடை. கஞ்சியும் இட்லியும் சொதி மாதிரி சீக்கிரம் கெட்டுப்போற சரக்கில்ல, அளவு தெரிஞ்சு பண்ணலாம். மாசக் கணக்கு வச்சுக்கிட்டா இன்னைக்கு எத்தனை பேருன்னு காலையிலயே தெரிஞ்சிரும். ஒரு சின்ன மெஸ் மாதிரி. உப்பு கொறைச்சு தனிச் சட்டியில வைக்கதும் பெரிய வேலை இல்ல. மெயின் ரோட்டு வாடகை கட்டுபடி ஆகாது, உள்தெருவுல தரைத்தளத்துல வீடு கெடைச்சா ஆரம்பிக்கலாம். நான் இதை நெசமாவே யோசிக்கேன். நாப்பது பேர் சேந்தா போதும்.

அண்ணாச்சிக்கும் ஒண்ணு சொல்லுதேன். அதே இடத்துல ஞாயித்துக்கிழமை மட்டும், முன்கூட்டிப் பேர் குடுத்தவங்களுக்கு ஒரே பந்தியில சொதி போடலாம். பன்னெண்டரைக்கு இலை விழுந்துரும். லேட்டா வந்தா கெடையாது, பார்சலும் கெடையாது.

என்ஜிஓ காலனி அண்ணாச்சி:
பேர் சேக்குத வேலை என்னோடது. இப்பவே எங்க தெருவுல நாலு வீடு இருக்கு. ஐயா வீட்டுக்கு ராத்திரிக் கஞ்சிக் கணக்கும் சேத்து எழுதிக்கிடுதேன். மேலப்பாளையத்துத் தம்பி, உங்க ஆளு யாராவது மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அதே இடத்துல நெய்ச்சோறும் தாளிச்சாவும் போட்டா முதல் பந்தியில நான் உக்காருவேன். ஆனா தந்தூர் கடைதான் நம்ம பக்கத்துக்கு முதல்ல வரணும்ங்கதை நான் ஒத்துக்கிட மாட்டேன், மதினி.

மகாராஜநகர் மதினி:
சொதிக்கு எங்க வீட்டுல ரெண்டு இலை எழுதிக்கிடுங்க. தந்தூர் கடை வாரவரைக்கும் நானும் விடமாட்டேன்.

ஐகிரவுண்டு மாணவி:
ஞாயிற்றுக்கிழமை மதியம் லீவு கிடைச்சா நாங்களும் வர்றோம். ராத்திரி பத்து மணிக்கு மேல யார் கடை திறக்கப் போறீங்கன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லலையே?

கல்யாணச் சமையல்:
நீங்க சொன்ன ஆணை பத்துப் பேர் வேலை பாக்குத கடைக்கும் அதுக்கு மேலயும்தான், பாப்பா. நான் ஆரம்பிச்சா நாலு பேர்தான் இருப்போம். வண்ணாரப்பேட்டையில இருக்குத பெரிய ஓட்டல்காரங்க யாராவது ஐகிரவுண்டு பக்கம் ஒரு கிளை போட்டாத்தான் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வாரவங்களோட ஆளுகளும் ராத்திரி முழுக்க பசியோடதான் வாசல்ல கெடக்காங்க. அதனால யாவாரம் இல்லாமப் போகாது. நீங்க காலேஜ் பிள்ளைக எல்லாம் கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி எழுதுங்க. எனக்கு அவங்கள்ல ஒண்ணு ரெண்டு பேரைத் தெரியும், நானே கொண்டுபோய்க் குடுக்கேன்.