மறுநாள் சொதிக்கு உட்காரலாமா? ஸ்லீவ் செய்தவர்கள் சொல்லுங்கள்

பாளையங்கோட்டைக்காரி:
ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் எனக்கு முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எடை நன்றாக இறங்கிவிட்டது, சுகர் மாத்திரையையும் டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். அந்த வகையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சொதியை நினைத்தால் அழுகை வருகிறது. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் வெந்து, இறக்கிவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்ததும் ஒரு வாசம் வருமே, அது. பக்கத்தில் இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். கல்யாணத்துக்கு மறுநாள் இது இல்லாமல் எங்கள் வீடுகளில் பந்தி கிடையாது. பசி முன்னைப் போல் இல்லை, ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரர், "பந்தியில உக்காராத, பாத்தா மனசு கேக்காது" என்கிறார். மாமியாரோ, "ஏளா, ஒரு வாய் அல்வா தின்னா என்ன ஆயிரும்?" என்கிறார். யார் பேச்சைக் கேட்க?

குறுக்குத்துறை அண்ணாச்சி:
வீட்டுக்காரர் பேச்சைக் கேளுங்கம்மா. எனக்குச் செய்தது இரைப்பை பைபாஸ். இரைப்பையில் முட்டை அளவு பையை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறுகுடலில் இணைத்துவிடுவார்கள். இனிப்பு போனால் அங்கே தங்காமல் மொத்தமாகக் குடலில் இறங்கும், குடல் உடம்பிலிருக்கும் தண்ணீரை உள்ளே இழுக்கும். அரை மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு. அது அடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இன்சுலின் எகிறிச் சர்க்கரை தாழ்ந்து இன்னொரு சுற்று மயக்கம் வேறு. தேரோட்டத்துக்கு டவுன் போனால் ரதவீதியில் அல்வாக்கடைப் பக்கமே திரும்ப மாட்டேன். சொதி, அல்வா எல்லாம் முடிந்துபோன கதை என்று எழுதி வைத்துவிட்டால் நிம்மதி.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி, உங்கள் வயிற்றை வைத்து அக்காவுக்குத் தீர்ப்பு சொன்னால் எப்படி? அவர்களுக்கு ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நெடுக வெட்டி எடுத்திருப்பார்கள், ஆனால் உணவு போகும் பாதை பழைய பாதைதான். நீங்கள் சொல்லும் படபடப்பு ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம், ஆனால் பைபாஸ் அளவுக்கு வராது. எனக்கும் ஸ்லீவ்தான். குற்றால சீசனுக்கு வீட்டோடு செங்கோட்டை பார்டருக்குப் போகிறோம். எல்லோரும் பரோட்டா பிய்த்துச் சால்னாவில் ஊறவைக்கும்போது நான் நாட்டுக்கோழித் துண்டு இரண்டை மென்றுகொண்டு பேசிக்கொண்டிருப்பேன். ஒதுங்கி வீட்டில் கிடந்தால்தான் வெறி ஏறும். அக்கா, உட்காருங்கள், சாப்பிடுங்கள், அல்வாவும் ஒரு வாய் போடுங்கள்.

ஊர்சுற்றி:
ஒரு சந்தேகம். இவ்வளவு வாயைக் கட்ட முடிகிறவர்களுக்கு ஆபரேஷன் எதற்கு? லட்சக்கணக்கில் செலவழிக்காமல் முதலிலேயே கட்டியிருக்கலாமே.

தென்காசிச் சாரல்:
வந்துவிட்டாரய்யா. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் உடம்பு சும்மா இருக்காது தம்பி, பசியைக் கூட்டும், எரிக்கும் சக்தியைக் குறைக்கும், இழந்ததைத் திரும்பச் சேர்க்கத்தான் பார்க்கும். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவில் போவது அந்தப் பகுதிதான். அதனால்தான் இப்போது எங்களால் வாயைக் கட்ட முடிகிறது. சும்மா இருந்துகொண்டு உபதேசம் செய்ய யாராலும் முடியும்.

வள்ளியூர் கலா:
நான் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இரண்டு பேர் சொல்வதையும் என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சாரல், பரோட்டாவை விட்டுக் கோழியை எடுத்தீர்கள், நல்லது. ஆனால் அல்வாவை நாட்டுக்கோழியோடு ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறீர்களே. கோழியை எவ்வளவு மென்றாலும் சிறிய வயிற்றில் அது நின்று நிதானமாகத்தான் இறங்கும். நாலு வாயில் போதும் என்றாகிவிடும். பரோட்டா மாவு உருண்டையாக அடைத்துக்கொண்டு நெஞ்சை வலித்து, நுரை நுரையாக வெளியே வந்துவிடும், அதனால் அதைத் தொடவே ஆட்கள் பயப்படுவார்கள். அல்வா அப்படியா? கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும். பல்லுக்கு வேலையே இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு "போதும்" என்று சொல்லவே சொல்லாது. ஆபரேஷன் ஆனவருக்கு ஊரிலேயே சாப்பிடச் சுலபமான பண்டம் எது என்றால் அல்வாதான். இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் எடை திரும்ப ஏறி வருகிறவர்களிடம் விசாரித்தால் பெரிய சாப்பாடு எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஐஸ்கிரீம், பால்கோவா, மிக்சர், அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

ஆனால் சொதியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் அண்ணாச்சி. அதில் பருப்பு இருக்கிறது, காய் இருக்கிறது. முடிந்துபோன கதை என்று சொல்லிச் சொல்லித்தான் சிலர் விசேஷ வீட்டுக்கே போவதை நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டுக்காகத் துக்கப்படுவது அற்ப விஷயம் என்று அவர்களே நினைத்துக்கொண்டு யாரிடமும் வாய் திறப்பதில்லை.

அக்கா, புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது உள்ளே போகவேண்டும். கல்யாணப் பந்தியில் அவ்வளவு கிடைக்காது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வீட்டிலேயே இரண்டு முட்டை சாப்பிடுங்கள், 12 கிராம் சேர்ந்துவிடும். பந்தியில் சொதியைச் சோற்றில் குளமாகக் கட்டாதீர்கள், தண்ணியாக இருந்தால் சோறும் சேர்ந்து வழிந்து இறங்கிவிடும். அடியில் இருக்கும் பருப்பும் காயுமாகக் கரண்டியில் எடுக்கச் சொல்லுங்கள், சோறு இரண்டு கவளம் போதும். சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் தண்ணீர். பாயசம் வேண்டவே வேண்டாம்.

குறுக்குத்துறை அண்ணாச்சி:
கரண்டிக் கணக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சொல்ல நன்றாக இருக்கும் கலாம்மா. நம்ம ஊர் பந்தியைப் பார்த்ததில்லையா? "என்ன தாயி, நோயாளி மாதிரி கொறிக்க, இன்னும் கொஞ்சம் ஊத்து ஊத்து" என்று மாமன் ஒருவன் வாளியோடு தலைமாட்டில் நிற்பான். கையை மடக்கி இலையை மறைத்தாலும் கைமேலேயே ஊற்றுவான். வேண்டாம் என்றால் பெண் வீட்டுக்காரர்களுக்கு மனத்தாங்கல். ஆபரேஷன் செய்ததை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதிருக்கும். உட்காராமல் இருப்பது இதை எல்லாம் விடச் சுலபம்.

பாளையங்கோட்டைக்காரி:
அண்ணாச்சி சொல்வது நிஜம். பாதிச் சொந்தத்துக்கு நான் ஆபரேஷன் செய்ததே தெரியாது, நடைப்பயிற்சி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தென்காசிச் சாரல்:
அதற்குத்தான் கடைசிப் பந்தி. வீட்டு ஆட்கள் மட்டும் இருப்பார்கள், பரிமாறுவது உங்கள் நாத்தனாராகவே இருக்கும். மைனிக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அவர்களிடம் மட்டும் முதல் நாளே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் பந்திக்கு நீங்களே பச்சடி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விடுங்கள், அக்கா சாப்பிட்டாளா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வள்ளியூர் கலா:
பரிமாறப் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வாளிப் பக்கம் நிற்கிறவர்கள்தான் ருசி பார்க்கிறேன் என்று கையில் ஊற்றி ஊற்றிச் சாப்பிடுவது. கடைசிப் பந்தி சரி.

குறுக்குத்துறை அண்ணாச்சி:
கடைசிப் பந்தி என்றால் சொதிக்கு நானும் ஆட்சேபணை சொல்லவில்லை. அல்வாவுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தென்காசிச் சாரல்:
அல்வாவை விடுங்கள், பொட்டலம் கட்டி மாமியாரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் கலா அக்கா, நீங்கள் சொன்ன கணக்குப்படி பார்த்தால் உருளைக்கிழங்கு வறுவலும் எச்சிலில் கரைந்து சுலபமாக இறங்குகிற சாமான்தானே. அதைப் பற்றி யாரும் மூச்சே விடவில்லையே?

வள்ளியூர் கலா:
ஆமாம், அதுவும் அதே ரகம்தான். இலையில் நாலு துண்டு வைக்கச் சொல்லி, அதோடு நிறுத்துங்கள்.

பாளையங்கோட்டைக்காரி:
வறுவல் நாலு துண்டா? சரி, இஞ்சிப் பச்சடியையாவது விட்டுவைப்பீர்களா, இல்லை அதற்கும் கணக்கு உண்டா?