புதுப்பிப்பு: கிராமச் சாலை 4-ம் கட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் பற்றிப் போன தடவை எழுதியபோது, 4-ம் கட்டம் 2024 ஜூலை பட்ஜெட்டில் அறிவிப்பாகத்தான் இருந்தது. "அமைச்சரவை ஒப்புதல் எப்போது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11-ல் கிடைத்தது. மொத்தம் 70,125 கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு 49,087.50 கோடி. இலக்கு: 2028-29க்குள் 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கி.மீ. சாலை.

உடனே ஜல்லி லாரி வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒப்புதல் திட்டத்துக்குத்தான், உங்கள் ஊர்ச் சாலைக்கு அல்ல. ஊர் தகுதி பெற, சமவெளிக் குடியிருப்பில் 500 பேருக்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் 2011 கணக்கெடுப்புப்படி. (அதற்குப் பிறகு வளர்ந்த குடியிருப்புகள் பாடு திண்டாட்டம்தான்.) மலை மாநிலங்கள், வடகிழக்கு, பழங்குடிப் பகுதிகளுக்கு 250 போதும்.

அடுத்து விரிவான திட்ட அறிக்கை. அதற்கு முன் பொறியாளர் ஊர்மக்களோடு சாலைத்தடம் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே சிறுபாலம் வேண்டும், யார் வரப்பு குறுக்கே வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் பேசித் தீரும். அன்றைக்கு வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு மனு கொடுத்துப் பயனில்லை. நிலம் வாங்க இந்தத் திட்டத்தில் காசு கிடையாது. அது மாநில அரசின் பொறுப்பு. பாதி வேலைகள் இழுபடுவது இந்த இடத்தில்தான். எனவே நிலப் பேச்சை இப்போதே கிராம சபையில் எடுத்துவிடுங்கள்.