எஸ்பிஏ நேர்முகம்: "பாஸ் விதியை மீறச் சொன்னால் என்ன செய்வீர்கள்?"

பாகான்_கவி
வணக்கம். நிர்வாக உதவியாளர் பதவிக்குப் பினாங்கில் எஸ்பிஏ (மலேசியப் பொதுச் சேவை ஆணையம்) நேர்முகம். இதுவரை தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலைதான். அலுவலக விதிகள் பற்றி நிறைய கேட்பார்களாம். "நான் நேர்மையானவள், விதியை மீறவே மாட்டேன்" என்றால் போதுமா?

செந்தூல்_வாசு
போதாது தங்கச்சி. வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அடுத்து யாரிடம் போவீர்கள், எழுத்தில் என்ன வைப்பீர்கள் என்பது தெரிந்திருக்கிறதா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள்.

அரசாங்க ஊழியர்களுக்கான 1993 நடத்தை, கட்டொழுங்கு விதிகளை ஒரு தடவையாவது முழுசாகப் படியுங்கள். மலாயில் 'பெராத்துரான் பெகாவாய் ஆவாம்' என்பது அதுதான். அதில் 4ஆவது விதி முக்கியம். சொந்த நலனைக் கடமைக்கு மேலே வைப்பது, பொறுப்பில்லாமல் நடப்பது, வேலையில் அலட்சியம் எல்லாம் அங்கே குற்றம். கட்டளையை மீறுவதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பாஸ் கேள்வி சிக்கலாவது இதனால்தான். "செய்ய மாட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், "அது இங்கார் பெரிந்தா (கட்டளை மீறல்) ஆகாதா?" என்று மடக்குவார்கள்.

வரிசையாகச் சொல்லுங்கள். முதலில் கட்டளையைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாஸிடமே கேட்பேன். பிறகு எந்தச் சுற்றறிக்கைக்கு முரணாக இருக்கிறது என்று மரியாதையாகக் காட்டுவேன். அப்படியும் வற்புறுத்தினால் எழுத்தில் தரக் கேட்பேன். சட்டவிரோதம் என்று தெளிவாகத் தெரிந்தால், எழுத்தில் வந்தாலும் செய்யாமல் அவருக்கு மேலே உள்ளவரிடம் கொண்டுபோவேன். வாட்சப் குழுவிலோ முகநூலிலோ போட மாட்டேன் என்பதையும் சேருங்கள். 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்க நிறுவனத்திடம் புகார் கொடுப்பவருக்குத்தான். ஊரெல்லாம் பரப்புகிறவரை அது காப்பாற்றாது.

ஜார்ஜ்டவுன்_மாலா
லஞ்சக் கேள்வியும் வரும். "ஃபைலை முன்னால் தள்ள ஒருவர் கவர் நீட்டுகிறார்." பலர் "வாங்க மாட்டேன்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். பாதிப் பதில்தான் அது. 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி, லஞ்சம் கொடுக்க முன்வந்தாலே எஸ்பிஆர்எம் (ஊழல் தடுப்பு ஆணையம்) அதிகாரியிடமோ போலீசிடமோ புகார் செய்தாக வேண்டும். மறைத்தால் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அன்பளிப்பு வேறு கணக்கு. வேலை சம்பந்தமாக வந்தால் மறுக்க வேண்டும். மறுக்கவே முடியாத சூழலில் வாங்கிவிட்டால், உடனே துறைத் தலைவருக்கு எழுத்தில் அறிக்கை. வைத்துக்கொள்ளலாமா, திருப்பிக் கொடுப்பதா என்று அவர்தான் முடிவு செய்வார். இரண்டையும் குழப்பாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_நாதன்
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் விதி எண்களை ஒப்பிக்காதீர்கள். ஒரு எண் தப்பினால் அங்கேயே தோண்டுவார்கள். விதியின் பெயரும், அது என்ன சொல்கிறது என்பதும் போதும்.

தாமதம் பற்றிக் கேட்டால் லேசாக எடுக்காதீர்கள். வர வேண்டிய நேரத்தில், இடத்தில் எவ்வளவு நேரம் இல்லாமல் போனாலும் அந்த விதிகளின்படி அது 'வராமை'தான். இரவில் கிராப் (வாடகைக் கார்) ஓட்டலாமா, ஆன்லைனில் பலகாரம் விற்கலாமா என்பதும் வரக்கூடும். துறைத் தலைவரின் எழுத்து அனுமதி முதலில். ஆபீஸ் நேரத்தில் செய்யக்கூடாது, ஆபீஸ் பொருளைத் தொடக்கூடாது. "சின்ன வியாபாரம்தானே" என்ற பதில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

ரகசியக் கடிதங்களுக்கு நான்கு தரம்: ரஹ்சியா பெசார் (பெரும் ரகசியம்), ரஹ்சியா (ரகசியம்), சூலிட் (அந்தரங்கம்), தெர்ஹாட் (கட்டுப்படுத்தப்பட்டது). தெர்ஹாட் கடைசித் தரம்தான் என்றாலும் அதைப் படம் பிடித்து அனுப்புவதும் தப்பு.

பாகான்_கவி
ரொம்ப நன்றி. தனியார் அனுபவத்தை உதாரணமாகச் சொல்லலாமா? மலாயில் எழுத்துக் கட்டளை கேட்பதை எப்படிச் சொல்வது?

செந்தூல்_வாசு
தாராளமாகச் சொல்லலாம். ரசீது இல்லாத பில்லுக்குப் பணம் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன விதி, யாரிடம் சொன்னீர்கள், எப்படி முடிந்தது என்று ஒரு நிமிடத்துக்குள். பழைய முதலாளியைக் குறை சொல்லாதீர்கள். மலாயில்: "சாயா அக்கான் மொஹோன் அராஹான் பெர்த்துலிஸ், துவான்." 'துவான்' என்பது 'ஐயா'; பெண் அதிகாரியானால் 'புவான்'.