லே-அப்பில் மூன்று கால் பட்டால் ஸ்டெப்ஸா?

காட்பாடி_கார்டு: ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு லோக்கல் கூடைப்பந்து மேட்ச். கடைசி நிமிடம், ஒரு பாயிண்ட் பின்தங்கி இருக்கிறோம். எங்கள் பையன் பந்தைத் தரையில் தட்டித் தட்டி டிரிபிள் செய்துகொண்டே உள்ளே புகுந்தான், இடது கால் தரையில் இருக்கும்போதே பந்தை இரண்டு கையாலும் பிடித்தான், அப்புறம் வலது கால், இடது கால், வளையத்துக்குப் பக்கத்தில் எழும்பி ஒரு லே-அப். பந்து வளையத்துக்குள் விழுவதற்குள் விசில்! டிராவலிங், அதாவது பந்தோடு கூடுதலாக ஸ்டெப்ஸ் வைத்துவிட்டான் என்று ரெஃப்ரி இரண்டு கையையும் சுற்றிக் காட்டுகிறார். 2017 அக்டோபரிலிருந்து, சர்வதேச கூடைப்பந்துச் சங்கமான ஃபிபாவின் விதிப்படி இது சுத்தமான லே-அப். ஓடும்போது பந்து கைக்கு வரும் நேரத்தில் தரையில் இருக்கும் கால் பூஜ்யம், அதற்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு. இன்னும் எத்தனை வருடம் பழைய கணக்கிலேயே ஊதுவார்கள்?

பழைய_சென்டர்: தம்பி, மூன்று கால் பட்டால் ஸ்டெப்ஸ், அவ்வளவுதான். எங்கள் பி.டி. மாஸ்டர் சாக்பீஸால் தரையில் கால் வரைந்து சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் யூட்யூபில் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் பார்த்துவிட்டு வந்து வேலூர் கோர்ட்டில் ஆடுகிறீர்கள். 1891-இல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் எழுதிய பதின்மூன்று விதியிலேயே பந்தோடு ஓடக்கூடாது என்றுதான் இருக்கிறது. பூஜ்யமாம், ஒன்றாம்! கபடியில் ஏறு கோடு தாண்டினவன் தாண்டினவன்தான், அங்கே பூஜ்யம் என்று யாராவது சொல்கிறார்களா?

காட்பாடி_கார்டு: அண்ணே, பாதியை மட்டும் படிக்காதீர்கள். வேகமாக ஓடிவந்து பந்தைப் பிடிப்பவனுக்குச் சலுகை உண்டு என்றும் அதே நெய்ஸ்மித்தான் எழுதினார். அந்த விதிகளில் டிரிபிள் என்பதே கிடையாது, அதையும் விட்டுவிடலாமா? நான் பேசுவது என்.பி.ஏ. இல்லை, ஃபிபாவின் 25-வது விதி. நம் ஊர் டோர்னமெண்ட் நடப்பதும் ஃபிபா விதிப்படிதான்.

சத்துவாச்சாரி_விசில்: நானும் விசில் ஊதுகிறவன்தான், அதனால் அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். விதி தம்பி சொல்கிறபடிதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பந்து எப்போது 'பிடிபட்டது' என்பதில்தான் தலைவலி. இரண்டு கையும் ஒரே நேரத்தில் பந்தைத் தொட்டால் டிரிபிள் முடிந்தது, ஒரு கையில் பந்து தங்கினாலும் முடிந்தது. அந்த ஒரு கை விஷயத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பந்து உள்ளங்கையில் தங்கிய பிறகு இடது கால் தரையில் பட்டிருந்தால், அதுவே ஒன்றாம் ஸ்டெப், கடைசிக் கால் மூன்றாவது ஆகிவிடும், விசில் சரி. மே மாதத்து வேலூர் வெயிலில், சிமெண்ட் கோர்ட்டில், முன்னால் இரண்டு தடியன்கள் மறைத்துக்கொண்டிருக்கும்போது கையையும் காலையும் ஒரே நேரத்தில் பார்க்க எனக்கு நான்கு கண்ணா இருக்கிறது?

பழைய_சென்டர்: பார்த்தீர்களா, ரெஃப்ரியே சொல்கிறார். கண்ணால் பார்க்க முடியாத விதி என்ன விதி?

பாலாறு_பெஞ்ச்: சென்டர் அண்ணே, அவர் அப்படிச் சொல்லவில்லையே. பழைய முறையிலும் பந்து எப்போது பிடிபட்டது என்று பார்த்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் எந்தக் காலிலிருந்து எண்ணுவது? என்.பி.ஏ.வும் 2009-இல் இரண்டு ஸ்டெப் என்று எழுதிவைத்தது, பந்தைச் சேர்த்துப் பிடிப்பது எது என்பதை 2019-இல்தான் விளக்கியது. இத்தனை வருடமாகப் பணக்கார லீகே அந்த ஒரு நொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

நான் பள்ளிப் பெண்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன், என் கோபம் வேறு. லே-அப்புக்கு எல்லாரும் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள். நின்ற இடத்தில் பந்து வாங்கி, பிவட் காலை, அதாவது தரையில் ஊன்றிச் சுழலும் காலை, தூக்கிய பிறகு முதல் டிரிபிளைப் போடுகிறார்களே, அது அப்பட்டமான டிராவலிங், அதற்கு யாரும் ஊதுவதில்லை. பாஸுக்கோ ஷாட்டுக்கோ பிவட் காலைத் தூக்கலாம், மறுபடி தரையில் வைப்பதற்குள் பந்து போயிருக்கவேண்டும். டிரிபிள் தொடங்குவதென்றால் தூக்குவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்கவேண்டும். பூஜ்யம் ஓடுகிறவனுக்கு மட்டும்தான், நின்றுகொண்டிருப்பவனுக்கு இல்லை. இதைச் சொன்னால் என் பிள்ளைகளே "மிஸ், யாரும் ஊதமாட்டாங்க" என்கிறார்கள்.

சத்துவாச்சாரி_விசில்: நியாயம்தான் மேடம். அதை ஒழுங்காக ஊதினால் முதல் குவார்ட்டர் முழுக்க விசில் சத்தம்தான் கேட்கும், இரண்டு கோச்சும் என்னை அடிக்க வருவார்கள். ஆனாலும் முதல் ஐந்து நிமிடம் கண்டிப்பாக ஊதினால் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள், அதை நானே பார்த்திருக்கிறேன்.

காட்பாடி_கார்டு: ஓடிக்கொண்டே பாஸ் வாங்கி டிரிபிள் போடுகிறவன்?

பாலாறு_பெஞ்ச்: இரண்டாம் ஸ்டெப் தரையில் படுவதற்குள் பந்தை விட்டுவிடவேண்டும். அங்கே இரண்டு ஸ்டெப் முழுசாகக் கிடையாது, அதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழைய_சென்டர்: சரி சரி, புத்தகத்தில் இருப்பது இருக்கட்டும். அந்த லே-அப்பின் வீடியோ இருந்தால் போடு தம்பி, பூஜ்யமா ஒன்றா என்று நானே எண்ணிச் சொல்கிறேன்.

காட்பாடி_கார்டு: வீடியோ இருக்கிறது அண்ணே. எடுத்தவன் இடுப்புக்கு மேலேதான் எடுத்திருக்கிறான்.