சுரங்கக் கம்பெனி பேலன்ஸ் ஷீட்டில் மொத்த லயபிலிட்டி (பொறுப்பு) 22.50 கோடி: இது முழுக்கக் கடனா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கீழக்கரைப்பெண்:
எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். எங்க காக்கா (அண்ணன்) துபாயில் வேலை பார்க்கிறாங்க. சேமிப்பில் ஒரு பங்கை ஒரு சின்ன சுண்ணாம்புக்கல் சுரங்கக் கம்பெனியில் போடலாமான்னு கேட்டு, ஆண்டறிக்கையை எனக்கு அனுப்பி வச்சிருக்காங்க. எஸ்.எம்.இ. (சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான) சந்தையில் பட்டியலான கம்பெனி, சுரங்கம் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கு. நான் பி.காம். படிச்சவ. ஆனா கம்பெனி கணக்கை வேலையா பார்த்ததில்லை.

பங்கு விவரம் காட்டுற ஒரு இணையதளத்தில் மொத்த லயபிலிட்டி 22.50 கோடி, மொத்த சொத்தும் 22.50 கோடின்னு போட்டிருக்கு. சொத்து பூரா கடனுக்கே போயிட்டா பங்குதாரருக்கு என்ன மிச்சம்? காக்காவோட ரூம்ல இருக்கிறவர் "கடன் 6.75 கோடிதான்"ங்கறார். நான் கூட்டினா ரெண்டும் வரலை.

மார்ச் 31, 2025 கணக்கு, லட்சத்தில்:
பங்கு மூலதனம் 420
ரிசர்வ் 610
நீண்டகாலக் கடன் 385
நீண்டகால ப்ரொவிஷன் (வரப்போற செலவுக்கு ஒதுக்கினது) 62
டெஃபர்டு டாக்ஸ் (பின்னாடி கட்ட வேண்டிய வரி) 23
குறுகியகாலக் கடன் 290
டிரேட் பேயபிள்ஸ் (சரக்கு, வேலைக்குத் தர வேண்டிய பாக்கி) 248
இதர நடப்புப் பொறுப்பு 196
குறுகியகால ப்ரொவிஷன் 16

நடப்புச் சொத்து (ஒரு வருஷத்துக்குள்ள காசாகிறது) 540. அவங்க வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு, தப்பா ஏதும் சொல்லிடக் கூடாது. உதவுங்க.

ராம்நாடு கணக்கர்:
சகோதரி, கவலையை விடுங்க. 22.50 கோடி கடன் இல்லை. கம்பெனிச் சட்டம் 2013, மூன்றாம் அட்டவணைப்படி பேலன்ஸ் ஷீட்டின் மேல்பாதிக்குத் தலைப்பே "ஈக்விட்டியும் லயபிலிட்டியும்"தான். பங்குதாரர் போட்ட மூலதனமும் சேர்ந்து போன லாபமும் அங்கேதான் உட்காரும். அந்த மொத்தம் எப்பவும் சொத்தோட சரியாகத்தான் நிற்கும், நிற்காவிட்டால் கணக்கு தப்பு. சில இணையதளங்கள் அந்த மொத்தத்துக்கே "மொத்த லயபிலிட்டி"ன்னு பேர் வச்சிடறாங்க.

நீங்க 420-ஐயும் 610-ஐயும் கழிங்க. மிச்சம் 1,220 லட்சம். கம்பெனி வெளியாட்களுக்குக் கொடுக்க வேண்டியது அதுதான், 12.20 கோடி. ரூம்காரர் சொன்ன 6.75 கோடி, வாங்கின கடன் மட்டும்: 385 + 290. அவர் சொன்னதும் சரிதான், ஆனா சரக்குக் கொடுத்தவனுக்கும் சர்க்காருக்கும் வைத்திருக்கிற பாக்கி அதில் வராது.

கீழக்கரைப்பெண்:
ஜஸாக்கல்லாஹ் அண்ணே, இப்பத்தான் மூச்சு வந்துச்சு. இன்னொண்ணு. இதர நடப்புப் பொறுப்பு 196-க்குள்ள "வாடிக்கையாளர் முன்பணம் 70"ன்னு குறிப்பில் இருக்கு. கைக்கு வந்த பணம் எப்படிப் பொறுப்பாகும்?

மண்டபம் விசைப்படகு:
இதுக்கு நான் பதில் சொல்றேன்மா. எங்க ஊர்ல கம்பெனி ஏஜெண்ட்கிட்ட முன்பணம் வாங்கித்தான் பாதிப் படகுக்கு இன்ஜினும் வலையும் வந்திருக்கும். பணம் நம்ம கையில. ஆனா இறால் பட்டதும் அவருக்குத்தான் எடை போடணும், அவர் சொல்ற விலைக்கு. அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலத்துலயும் அந்தப் பாக்கி அப்படியே நிக்கும். சிமெண்டு ஆலை குடுத்த முன்பணமும் அப்படித்தான், கல்லை ஏத்தி விடுற வரைக்கும் கடன்.

ராம்நாடு கணக்கர்:
அண்ணன் சொன்னதுதான். கல்லாகத் தீர்க்க வேண்டிய கடன் என்பதால் அதில் எனக்குப் பயம் குறைவு. அந்த 196-ல் சட்டபூர்வ பாக்கி (சர்க்காருக்குக் கட்ட வேண்டியது) எவ்வளவு என்று பாருங்க. சுரங்கக் கம்பெனிக்கு நோய் முதலில் அங்கேதான் தெரியும். ராயல்டியை (எடுத்த கல்லுக்கு சர்க்காருக்குக் கட்டும் தொகை) அறுபது நாளுக்கு மேல் இழுத்தால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. அதையே ஒரு கம்பெனி நிறுத்தி வைக்கிறது என்றால் கையில் காசு இல்லை என்று அர்த்தம். ராயல்டியோடு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் கட்டணும்: 12 ஜனவரி 2015-க்கு முன் கொடுத்த குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்தது என்றால் 10.

அடுத்தது, ஒரு வருடத்துக்குள் தீர்க்க வேண்டியதைக் கூட்டுங்க: 290 + 248 + 196 + 16 = 750. நடப்புச் சொத்து 540. 210 லட்சம் துண்டு விழுது. என்னைக் கேட்டால் 12.20 கோடியை விட இந்த 2.10 கோடிதான் கவலை.

சாயல்குடி டிப்பர்:
நான் கிரஷருக்கும் குவாரிக்கும் வண்டி விடுறவன். டிரேட் பேயபிள்ஸ் 248-ஐ சும்மா தாண்டிப் போகாதீங்க, அதுல எங்களை மாதிரி ஆளுங்க வாடகையும் டீசல் பங்க் பாக்கியும்தான் கிடக்கும். குறிப்புல வயசுப் பட்டியல் இருக்கும்: ஒரு வருஷத்துக்குள்ள, ஒண்ணுலேருந்து ரெண்டு, ரெண்டுலேருந்து மூணு, அதுக்கு மேல. சிறுதொழில்காரங்களுக்குத் தனி வரிசை. எங்களுக்கு 45 நாளைக்கு மேல இழுத்தா சட்டப்படி வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி தரணும். கேட்டா அடுத்த லோடு கிடைக்காதுன்னு யாரும் கேக்கறதில்லை. ரெண்டு வருஷத்தைத் தாண்டின பாக்கி நிறைய இருந்தா அந்தக் கம்பெனிக்கு நான் வண்டி விட மாட்டேன், நீங்க பணம் போடுவீங்களா?

வாலிநோக்கம் உப்பளம்:
எல்லாரும் பேலன்ஸ் ஷீட்டுக்குள் இருப்பதையே பேசுகிறீர்கள். சுரங்கத்தில் பெரிய பொறுப்பு பாதி வெளியேதான் இருக்கும்.

நீண்டகால ப்ரொவிஷன் 62-ஐப் பிரித்துப் பாருங்கள், சகோதரி. ஒரு பகுதி பணிக்கொடை, மற்றது சுரங்கத்தை மூடும் செலவாக இருக்கும். கல் எடுத்து முடித்ததும் குழியைச் சரிசெய்து, வேலி போட்டு, மரம் நட்டுத்தான் கம்பெனி வெளியேற முடியும். அதற்காக அரசிடம் வங்கி உத்தரவாதமும் கொடுத்திருப்பார்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு ஏ வகைச் (பெரிய, இயந்திர) சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம், மற்ற பி வகைக்கு 3 லட்சம். உத்தரவாதம் வேறு, உண்மைச் செலவு வேறு. உத்தரவாதத் தொகையை அளவாக வைத்துக்கொண்டு ப்ரொவிஷன் போட்டிருந்தால் அது போதாது.

அதைவிட முக்கியம், குத்தகை என்றைக்கு முடிகிறது என்பது. சிமெண்டு ஆலையின் சொந்தச் சுரங்கமாக இல்லாத பழைய குத்தகைக்குப் பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து 50 வருடம், பிறகு ஏலம். தேதி கிட்டே இருந்தால் மூடும் செலவும் கிட்டே வந்துவிடும், வருமானமும் நிற்கும்.

ராம்நாடு கணக்கர்:
உத்தரவாதத்துக்கு வங்கி மார்ஜின் (ஈடாக ஒரு பங்குப் பணம்) கேட்கும், அதை வைப்புத்தொகையாகப் பிடித்து வைத்திருக்கும். வங்கி இருப்பு என்று காட்டுவதில் அது எவ்வளவு என்று பாருங்க, தொட முடியாத காசு. அப்புறம் ஆடிட்டர் அறிக்கையின் பின்னிணைப்பில், காரோ 2020 (ஆடிட்டர் கட்டாயம் சொல்ல வேண்டியவற்றைப் பட்டியலிடும் உத்தரவு), ஏழாவது பிரிவு. ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் சர்க்கார் பாக்கியும் வழக்கில் இருக்கிற பாக்கியும் அங்கே இருக்கும். "கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி" (வந்தாலும் வரலாம் என்ற பொறுப்பு) குறிப்பையும் படிங்க.

கீழக்கரைப்பெண்:
அஸருக்கு அப்புறம் உட்கார்ந்து எல்லாத்தையும் எடுத்துட்டேன். சட்டபூர்வ பாக்கி 84 லட்சம், அதில் 31 லட்சம் ஆறு மாசத்துக்கு மேல நிக்குது. டிரேட் பேயபிள்ஸில் ரெண்டு வருஷத்தைத் தாண்டினது 19 லட்சம். மூடும் செலவுக்கு ப்ரொவிஷன் 44, வங்கி உத்தரவாதம் 36. குத்தகை கொடுத்தது 1981. கன்டிஞ்சன்ட் குறிப்பில் "கூடுதல் ராயல்டியும் அபராதமும் 310 லட்சம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நிலுவை"ன்னு இருக்கு. இந்த 310, 12.20 கோடிக்குள்ள இருக்கா?

வாலிநோக்கம் உப்பளம்:
இல்லை. பணம் வெளியே போக வாய்ப்பு அதிகம் என்று கம்பெனி நினைத்தால்தான் ப்ரொவிஷன். இல்லையென்றால் குறிப்போடு சரி. வழக்குத் தோற்றால் 12.20 கோடி 15.30 ஆகும், பங்குதாரர் பங்கு 10.30 கோடியிலிருந்து 7.20-க்கு இறங்கும். ஹெக்டேருக்கு 3 லட்சம் என்றால் 36 லட்சத்துக்கு 12 ஹெக்டேர் வருகிறது. அத்தனை பெரிய குழிக்கு 44 லட்சம் எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. 1981 குத்தகை 2031-ல் முடியும்.

இன்னொன்று. ராயல்டி வரி அல்ல, கனிம உரிமைக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று 2024 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதி அமர்வு தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு தமிழ்நாடு போட்ட கனிமவள நில வரி 2025 ஏப்ரல் 4 முதல் நடப்பில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். ராயல்டியே 80 ரூபாய்தான். மார்ச் கணக்கில் இதன் சுவடே இருக்காது.

சாயல்குடி டிப்பர்:
அதை வாங்குறவன் தலையில ஏத்த முடியுதான்னு பார்க்கணும். எங்க பக்கம் எல்லாரும் ஏத்தறதாத்தான் சொல்றாங்க. முன்பே விலை பேசி முன்பணம் வாங்கின லோடுக்கு எப்படி ஏத்துவாங்க?

கீழக்கரைப்பெண்:
அந்த 70 லட்சம்! அதை நான் யோசிக்கவே இல்லை. கம்பெனி செயலருக்கு மெயில் போடுறேன். முன்பண ஒப்பந்தத்தில் புது வரி யார் தலையில், 31 லட்சத்தைக் கட்டியாச்சா, 2031-க்கு அப்புறம் வேற குத்தகை இருக்கா, இந்த மூணையும் கேட்கிறேன். பதில் வர்ற வரைக்கும் பணம் போட வேணாம்னு காக்காகிட்ட சொல்லிட்டேன். வேற ஏதும் கேட்கணுமா?

ராம்நாடு கணக்கர்:
செப்டம்பர் அரையாண்டுக் கணக்கையும் சேர்த்துக் கேளுங்க. எஸ்.எம்.இ. கம்பெனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு வெளியிடணும், அதோடு பேலன்ஸ் ஷீட்டும் வரும். 750-க்கும் 540-க்கும் நடுவில் இருந்த பள்ளம் சுருங்கியதா, விரிந்ததா என்று அதில் தெரிந்துவிடும்.